கம்பி இல்லாத கருவிகள்: எதை வாங்கலாம்? எதை விடலாம்?

சந்திரனில் துளை போட்டார்கள்!

1971-ம் ஆண்டு. அப்போலோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட்டும், ஜேம்ஸ் இர்வினும் சந்திரனில் இறங்கினார்கள். சந்திரனின் தரைக்கு உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆழமாகத் துளை போட வேண்டும்.

அங்கே கரண்டு ஏது? பிளக் ஏது? ஆகவே பேட்டரியில் ஓடும் டிரில் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தார்கள். 3 மீட்டர் ஆழம் துளைப்பது என்பது திட்டம். தரை இடம் கொடுக்கவில்லை. ஏறக்குறைய பாதி ஆழம்தான் போக முடிந்தது!

பூமியில் அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கருவி வந்துவிட்டது. 1961-ல் அமெரிக்காவின் 'பிளாக் அண்ட் டெக்கர்' கம்பெனி கம்பி இல்லாத டிரில்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. கனம் அதிகம். பலமோ குறைவு. செல்போனில் இருக்கிறதே லித்தியம் பேட்டரி, அது 2005 வாக்கில் இந்தக் கருவிகளுக்கும் வந்தது. அதன் பிறகுதான் இவை வீட்டுக்கு வீடு புகுந்தன.

இன்று டிரில், ரம்பம், புல் வெட்டும் கருவி, வேலி கத்தரிக்கும் கருவி, காற்று ஊதும் கருவி என்று எல்லாமே பேட்டரியில் ஓடுகின்றன. செல்போனைத் திறந்தால் விளம்பரம். "பாதி விலை! இன்று மட்டும்!" என்கிறார்கள்.

எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். எது தேவை? எது வீண்?

18-ம் 20-ம் ஒன்றுதான்!

கடைக்குப் போனதும் எல்லாரும் கருவியைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை.

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. இன்று ஒரு டிரில் வாங்குகிறீர்கள். அடுத்த ஆண்டு புல் வெட்டும் கருவி வேண்டும் என்று தோன்றும். அதே கம்பெனியில் அதே வகைப் பேட்டரியில் ஓடும் கருவி இருந்தால், பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் வெறும் கருவியை மட்டும் வாங்கலாம். விலை நிறையக் குறையும். வேறு கம்பெனிக்குப் போனால் மறுபடியும் பேட்டரி, மறுபடியும் சார்ஜர்! ஆகவே முதல் கருவி வாங்குவது பெண் பார்ப்பது மாதிரி. குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்!

அடுத்தது வோல்ட் கணக்கு. ஒரு கடையில் 18 வோல்ட் என்று எழுதியிருக்கும். பக்கத்துக் கடையில் 20 வோல்ட். இன்னொன்றில் 21. "எண் பெரிசு, பலம் பெரிசு" என்று பலர் 21-ஐ வாங்கி வருகிறார்கள். மூன்றின் உள்ளேயும் இருப்பவை வழக்கமாக 5 செல்கள்தான். ஒவ்வொரு செல்லும் வேலை செய்யும்போது சராசரியாக 3.6 வோல்ட் தரும். ஐந்துக்கும் 18 வோல்ட். முழுச் சார்ஜ் ஏறிய நிமிடத்தில் மட்டும் ஒரு செல்லில் 4.2 வோல்ட் இருக்கும். அப்போது மொத்தம் 21. அவ்வளவுதான் சங்கதி!

இன்னும் துணிச்சலாக '48', '88' என்று பெரிய எண்களை அச்சடித்து மலிவு விலையில் விற்பவர்களும் உண்டு. பிரித்துப் பார்த்தால் பல நேரம் உள்ளே இருப்பவை அதே 5 செல்கள்! எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

உண்மையான கணக்கு வேறு. பேட்டரியின் மேல் 'ஆம்பியர்-மணி' என்று ஓர் அளவு இருக்கும். 2, 4, 5 என்று போட்டிருப்பார்கள். அதை வோல்ட்டால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. வீட்டில் ஓடும் பழைய சீலிங் பேன் 75 வாட். அந்தப் பேட்டரியில் அந்தப் பேன் அரை மணி நேரம்கூட ஓடாது. டிரில்லுக்கு அது போதும். விட்டு விட்டுத்தானே அழுத்துகிறோம்? புல் வெட்டும் கருவி இடைவிடாமல் ஓடும். அதற்கு 4 ஆம்பியர்-மணியாவது வேண்டும்.

'பிரஷ் இல்லாத மோட்டார்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்தது, மாற்ற வேண்டும் என்ற தொல்லை அதில் இல்லை. அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும்.

வீட்டுக்கு எது?

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், அது டிரில்தான். சந்தேகமே வேண்டாம்.

"ஏங்க, ஜன்னலுக்குத் திரை மாட்டணும்னு எத்தனை நாளாச் சொல்றேன்?"

"எலக்ட்ரீஷியன் வரட்டும்!"

இந்தப் பேச்சு நடக்காத வீடு உண்டா? கையில் டிரில் இருந்தால் அந்த அம்மாளே மாட்டிவிடுவார். திருகாணி முடுக்கவும் அதே கருவிதான். கட்டில் ஆடுகிறதா? கதவுக் கீல் தளர்ந்ததா? அலமாரி பூட்ட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் ஆகும்.

மரச்சாமான் வேலைக்கு மட்டும் என்றால் 12 வோல்ட் போதும். அதில் 3 செல்தான். கனம் குறைவு. செங்கல் சுவரில் துளை போட 18 வோல்ட் வேண்டும். அதிலும் தட்டித் தட்டித் துளைக்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கடையில் 'இம்பாக்ட்' அல்லது 'ஹாமர்' என்பார்கள். வாங்கும் முன் பேட்டரியோடு கையில் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, 60 எண்ணிப் பாருங்கள். கை கடுத்தால் அது உங்களுக்கு ஆகாது.

கான்கிரீட் கூரை, உத்தரம் இவற்றில் சிறிய டிரில்லை வைத்து மல்லுக்கட்டக் கூடாது. பிட் மழுங்கும். மோட்டார் சூடாகும். அதற்கென்று பெரிய டிரில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் வேலைக்கு அதை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வேலையும் பிளக் பக்கத்திலேயே நடக்கும் வீட்டுக்குக் கம்பியுள்ள டிரில்லே போதும். விலை குறைவு. பேட்டரி கெடும் என்ற கவலையும் கிடையாது.

"பேட்டரிதானே, ஷாக் அடிக்காது!"

இப்படி நினைப்பவர்கள் பலர். உயிருக்கு ஆபத்தான நினைப்பு இது!

கருவியில் கம்பி இல்லை, சரி. சுவருக்குள் கம்பி இருக்கிறதே! சுவிட்சுப் பலகையிலிருந்து குழாய்கள் சுவருக்கு உள்ளேயே நேர் மேலாகவும் நேர் கீழாகவும் போகும். அந்த வரிசையில் துளை போட்டால் பிட் மின்கம்பியைத் தொடும். சுவரின் கரண்டு கருவி வழியாகக் கைக்கு வந்துவிடும். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலே, நேர் கீழே துளை போடவே கூடாது. மற்ற இடத்திலும் மெயினை அணைத்துவிட்டுப் போடுவது நல்லது. பேட்டரிக் கருவியின் வசதியே இதுதான். வீட்டில் கரண்டு இல்லாமலும் அது ஓடும்!

தோட்டத்துக்கு எது?

மருதாணி வேலி, செம்பருத்தி வேலி உள்ள வீட்டுக்கு வேலி கத்தரிக்கும் கருவி நல்ல துணை. கம்பியுள்ள கருவியில் செடியோடு சேர்த்துக் கம்பியையும் வெட்டிக் கொள்கிறவர்கள் உண்டு. இதில் அந்தப் பயம் இல்லை.

புல் வெட்டும் கருவி, வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று சென்ட் இடம் உள்ளவர்களுக்குச் சரி. ஏக்கர் கணக்கில் தோட்டம் உள்ளவர்களுக்கு இந்தச் சிறு கருவி எட்டாது. பேட்டரி மாற்றி மாற்றியே பொழுது போய்விடும். அவர்களுக்குப் பெட்ரோல் எந்திரம்தான்.

இலையை ஊதித் தள்ளும் கருவி? வேண்டாம். தென்னந்துடைப்பம் இருக்கிறது. சார்ஜ் போட வேண்டியதில்லை!

இப்போது அதிகம் விற்பது கையடக்கமான சங்கிலி ரம்பம். ஒற்றைக் கையில் பிடித்துக் கிளை வெட்டும் கருவி. விளம்பரத்தில் வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. கருவி நல்லதுதான். ஆனால் சங்கிலி கிளையில் சிக்கினால் ரம்பம் துள்ளித் திரும்பும். மற்றக் கை பக்கத்தில் இருந்தால் விரல் போகும். வீட்டில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா மட்டும் இருக்கிறதா? அதற்கு மடக்கும் கைரம்பமும் தொரட்டியும் போதும். எந்த ரம்பம் ஆனாலும் மரத்தின் மேல் ஏறி நின்று வெட்டக் கூடாது. முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்பது தெரிந்ததுதானே!

எந்தக் கருவி ஆனாலும், பிட்டோ பிளேடோ மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கருவி ஓரிடம், பேட்டரி பிள்ளைகளுக்கு எட்டாத ஓரிடம்.

பேட்டரி பத்திரம்!

லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெயில். சூட்டில் இருந்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும், தகரக் கூரைக்கு அடியிலும் வைக்கக் கூடாது. வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். சில மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைக்கலாம். சுத்தமாகத் தீர்ந்த நிலையில் பெட்டியில் போட்டு மறந்தால், திரும்ப எடுக்கும்போது உயிர் இருக்காது.

வாங்கும்போது பேட்டரியின் மேல் இந்தியத் தர முத்திரையும் 'ஐ.எஸ். 16046' என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பேட்டரி தனியாக எங்கே கிடைக்கும், என்ன விலை, பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். சில ஆண்டுகளில் பேட்டரி ஓயும். புதிது கிடைக்காவிட்டால் நல்ல கருவியும் வெறும் பிளாஸ்டிக்தான்.

உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிக்கும் கம்பெனியின் பொறுப்பு. வாங்கிய கடையிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலோ கேட்டுக் கொடுத்துவிடலாம்.