கத்திரி வெயிலில் வேருக்கு நீர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, கமண்டல நாகநதி மணலாய்க் கிடக்கிறது, இதில் முள்ளிப்பட்டில் செடியை எப்படிக் காப்பாற்றுவது என்றுதானே கேட்டீர்கள்? காப்பாற்றலாம். முதலில் ஒரு பதற்றத்தை விட வேண்டும்.

பகல் ஒரு மணிக்கு இலை தொங்கினால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள். இலையிலிருந்து ஈரம் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், மண் ஈரமாக இருக்கும்போதும் இலை தொங்கும். அப்போது தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. மறுநாள் விடிந்தும் வாடியே நின்றால்தான் அதற்குத் தண்ணீர் வேண்டும். சந்தேகமாக இருந்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில்தான் தண்ணீர் வீணாகிறது. மேல்மண் மட்டும் நனைந்து, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். வேரும் அந்த ஈரத்தை நம்பி, சூடு அதிகமான மேல்பக்கமே படரும். அதே தண்ணீரைச் சேர்த்துவைத்து, சில நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில் பாத்தி நிறைய ஊற்றுங்கள். அது ஆழத்துக்கு இறங்கும், வேரும் பின்னாலேயே போகும். தொட்டிச் செடிக்கு மட்டும் இது ஆகாது. அதில் இருப்பதே கைப்பிடி மண். அதற்கு அன்றாடம் கொஞ்சம் ஊற்றி, மதிய வெயில் படாத கிழக்குச் சுவர் ஓரமாக எல்லாத் தொட்டிகளையும் நெருக்கி வையுங்கள்.

தண்ணீரைவிட நான் பெரிதாக நினைப்பது மூடாக்கு. வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டவே கூடாது. வைக்கோல், சருகு, கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். தென்னைக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 100 உரிமட்டை, குவிந்த பக்கம் மேலே பார்க்கும்படி. மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை 15.

கொடிக்கும் காய்கறிக்கும் பானை நல்லது. வண்ணம் பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் விதை ஊன்ற வேண்டும். சுற்று மண் காயும்போது பானைச் சுவர் வழியே நீரை இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் இழுப்பது குறையும். செடிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகிறது. சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்பவர் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதிவைத்தார். வாயை மூடிவையுங்கள், திறந்து கிடந்தால் டெங்கு கொசு முட்டையிடும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு இருந்தால் பானையின் துளை அடைபடும், அவ்வப்போது எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குடிநீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஆகும். குளித்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம்.

ஆனால் தறிக்காரர் வீடுகளில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுத்த தண்ணீரையும், சாயம் தோய்த்த தண்ணீரையும் செடிப்பக்கம் விடாதீர்கள். சோடாவில் உள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும். ஈரத்தில் சேறாகும், காய்ந்தால் ஓடுபோல இறுகும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காது. அந்த மண்ணை மீட்க வருஷக்கணக்காகும்.

இத்தனைக்குப் பிறகும் தண்ணீர் போதவில்லை என்றால் யாரைக் காப்பது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். வளர்ந்து நிற்கும் மரமும், வருஷக்கணக்கான மல்லிகைக் கொடியும் முதலில். கத்தரியும் வெண்டையும் அடுத்த மழைக்கு மறுபடி வரும். முற்றிய காயில் விதை எடுத்துக்கொண்டு செடியைத் தரையோடு அறுத்து, அதையே மல்லிகைக்கு மூடாக்காகப் போடுங்கள். உரம் இப்போது வேண்டாம், கவாத்தும் வேண்டாம். இரண்டும் புதுத் துளிரைக் கிளப்பும், அதற்கு ஊற்ற நம்மிடம் தண்ணீர் இல்லை.