ராகி மாவில் ‘அ’... உப்புத்தாளில் ‘உ’! ஓசூர் வாண்டுகளுக்கு எழுத்து இனி விளையாட்டு

ஓசூர் —

வீட்டில் தெலுங்கு. தெருவில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் தமிழ்! பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் தமிழ்ப் பலகை மாட்டிய பஸ் ஒரு பக்கம், கன்னடப் பலகை மாட்டிய பஸ் மறுபக்கம். பக்கத்து லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் இந்தி பேசுகிறார்கள்.

இதுதான் ஓசூர். ஊரின் பெயரே கன்னடக்காரர்களுக்கு ‘புது ஊர்’ என்றுதான் அர்த்தம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் பெருகின. வேலை தேடி நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.

பெரியவர்கள் எப்படியோ நாலு பாஷையையும் பேசிச் சமாளித்து விடுகிறார்கள். திண்டாடுவது யார்? முதல் வகுப்பில் உட்கார்ந்து ‘அ, ஆ’வைப் பார்த்து விழிக்கும் பொடிசுகள்தான்!

அப்பாவுக்கு முதல் ஷிப்டு, அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்டு. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எங்கே கண்ணு, இது என்ன எழுத்து சொல்லு?” என்று கேட்க ஆளில்லாத வீடுகள் எத்தனையோ.

ஏன் இந்தக் கவலை?

எழுத்துதானே, பிறகு தானாக வந்துவிடும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். வருவதில்லை!

நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் படித்தவர்கள் 2018ல் 100க்கு சுமார் 10 பேர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022ல் அது சுமார் 5 ஆகக் குறைந்துவிட்டது.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006ல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் படிக்க வேண்டும். தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு 10ஆம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சையா என்ற வழக்கு கோர்ட்டு வரை போனது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 5 வயதில் எழுத்தோடு சிநேகம் பிடித்த பிள்ளைக்கு 15 வயதில் பரீட்சை பயம் ஏன் வரப்போகிறது?

ரோமாபுரி லைன் வீடு!

தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் இந்தத் திண்டாட்டம் ஓசூருக்கு மட்டும் வந்ததல்ல. இத்தாலியில் ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் மாடிப்படியிலும் சுவரிலும் கைவரிசை காட்டும். அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் 1907ல் மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர் தன் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார்.

அவர் கண்ட வழி என்ன தெரியுமா? உப்புத்தாள்! சொரசொரப்பான உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டினார். பிள்ளை விரலால் அதைத் தடவும். தடவும்போதே அந்த எழுத்தின் ஓசையைச் சொல்லும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் நினைவில் வைக்கிறது. பென்சிலைப் பிடிக்கும் முன்பே கைக்கு எழுத்து பழகிவிடுகிறது! இந்த அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கொடைக்கானலிலும் தங்கியிருந்தார்.

ஓசூரில் உப்புத்தாளுக்கா பஞ்சம்? எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பழைய அட்டையில் ஒட்டி, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து செய்தால் போதும்.

மணல் போன கதை

மணலில் எழுதுவது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூட வழக்கம். எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797ல் அதைப்பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் பெயர் வந்தது!

லைன் வீட்டில் மணலுக்கு எங்கே போவது? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராகி இல்லாத வீடு உண்டா? தாம்பாளத்தில் ஒரு கை ராகி மாவைப் பரப்புங்கள். பிள்ளை விரலால் எழுதட்டும். தப்பாக எழுதினால் தட்டை ஒரு குலுக்கு... அழிந்தது! சிவப்பு மையும் இல்லை, திட்டும் இல்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளானால் தரையில் சாக்கட்டியால் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன் மேல் புளியங்கொட்டையை அடுக்கச் சொல்லலாம். ஆனால் ஜாக்கிரதை! சின்னஞ்சிறுசுகள் கொட்டையை வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும். அதுகளுக்கு ராகி மாவே போதும்.

மூன்று பாஷைக்கும் ஒரே உப்பு!

தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைக்கு ‘இ - இலை’ என்றால் புரியாமல் போகலாம். அவர்களுக்கும் தெரிந்த வார்த்தையில் தொடங்கினால் என்ன?

‘அ - அம்மா’: மூன்று பாஷையிலும் அம்மாதான். ‘உ - உப்பு’: மூன்றிலும் உப்புதான். ‘ஐ - ஐந்து’: அவர்களுக்கு ‘ஐது’. ‘க - கண்’: அவர்களுக்கு ‘கண்ணு’. ‘நீ - நீர்’: அவர்களுக்கு ‘நீரு’. “அட, இது நம்ம வீட்டு வார்த்தை!” என்று பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும்.

இடறும் இடங்களும் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘க’வுக்கு நாலு எழுத்து. தமிழில் ஒன்றுதான். ‘காகம்’ என்ற சொல்லில் முதல் ‘க’ ஒரு மாதிரி, அடுத்த ‘க’ ஒரு மாதிரி ஒலிக்கிறது. அதை வாயால் பலமுறை சொல்லிக் காட்ட வேண்டும். ‘ழ’ அந்த இரண்டு பாஷைகளிலும் இப்போது வழக்கில் இல்லை. ‘வாளப்பளம்’ என்று சொன்னால் அடிக்காதீர்கள். பழத்தைக் கையில் கொடுத்து, நாக்கை மடித்துக் காட்டுங்கள். இந்தி பேசும் பிள்ளைக்கோ ‘எ - ஏ’, ‘ஒ - ஓ’ வித்தியாசம் குழப்பும். எலியையும் ஏணியையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காது பழக்க வேண்டும்.

247 என்று மலைக்காதீர்கள்

தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கே மலைப்பு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216ம் இவற்றின் கூட்டுதான். ‘க’வுக்குக் கால் முளைத்தால் ‘கா’. முன்னால் கொம்பு முளைத்தால் ‘கெ’. கால், கொம்பு என்ற பெயர்களே விளையாட்டாக இல்லையா? ‘கு, டு, து’ வரிசை மட்டும் ஆளுக்கொரு வடிவம். அதை மெதுவாகப் பழக்கலாம். முன்பெல்லாம் ‘லை’, ‘னை’ போன்றவை யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளை எளிதாக்கியது. பிள்ளைகளுக்கு அந்தப் பாரமும் குறைந்தது.

‘அ’வில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. ‘அ’ சுழி நிறைந்த எழுத்து. சின்னக் கைக்குக் கஷ்டம். ‘ட’ இரண்டே கோடு. ‘ப’ மூன்றே கோடு. கூட ஒரு ‘ம’ சேர்த்து, புள்ளியும் வைத்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு வார்த்தை படித்துவிடலாம்! மட்டம் பார்ப்பது என்றால் என்ன என்று அப்பா வேலை செய்யும் இடத்துக் கதையையும் சொல்லலாம்.

எல்லை தாண்டிய பாடம்

ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி. அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்து, அவரவர் வேகத்தில் படிக்கும் முறையை உருவாக்கினார்கள். அதைப் பார்த்து 1995ல் கர்நாடகத்தின் எச்.டி.கோட்டையில் ‘நலி கலி’ பிறந்தது. ‘ஆடிப்பாடிப் படி’ என்று அர்த்தம். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அந்த முறை வந்து, செயல்வழிக் கற்றலாகத் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

கொரோனாவுக்குப் பின் 2021ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, முதல் கட்ட 12 மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் மூலம் சொல்லிக்கொடுக்கும் திட்டம் இது.

பள்ளிக்கூடம் அதன் வேலையைச் செய்யட்டும். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம் போதும். கடைத்தெருவுக்குப் போகும்போது பெயர்ப்பலகையில் ‘சூளகிரி’யின் ‘ள’வையும் ‘கெலமங்கல’த்தின் ‘ல’வையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘ஊஞ்சலை’ ‘உளஞ்சல்’ என்று படித்தால் சிரிக்காதீர்கள். ‘ஊ’வுக்குள் ‘ள’ உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை சரியாகத்தானே பார்த்திருக்கிறது! எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதினாலும் பயம் வேண்டாம். 6, 7 வயது வரை அது சகஜம்.

ஷிப்டு முடிந்து களைத்து வரும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை: செல்போனை எடுத்துப் பிள்ளை கையில் கொடுக்கும் முன், தாம்பாளத்தை எடுங்கள். ராகி மாவு வீணாகாது. விளையாட்டு முடிந்ததும் சலித்துக் களி கிண்டிக்கொள்ளலாம்!