இருளின் சிறு இடைவெளிக்கு ஒரு மின்தேக்கி

கோடையின் பிற்பகல் இடிமழை சேர்வராயன் மலையைச் சூழ்ந்துகொள்ளும் நாட்களில், காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் கிளை முறிந்து மின்கம்பியில் விழுவதும், ஏற்காட்டில் மின்சாரம் நின்று சிறிது நேரத்தில் திரும்புவதும் வழக்கம். விளக்குக்கு இது பெரிய குறையன்று. ஆயினும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் இணைய மோடமும் அபாய அறிவிப்புக் கருவியும் கணநேரத் தடைக்கே செயலிழந்துவிடும். இச்சிறு இடைவெளிக்காக நாம் வைக்கும் ஈய-அமில பாட்டரியோ, ஓயாமல் மின்னேற்றத்திலேயே நின்று, சில ஆண்டுகளில் ஆயுள் முடிந்து, ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த கழிவாகிவிடுகிறது.

அந்த ஸ்தானத்துக்கு ஏற்றது அல்ட்ரா கெப்பாசிட்டர் என்னும் பெருந்திறன் மின்தேக்கி. பாட்டரியில் மின்சக்தி ரசாயன சக்தியாக மாறிப் பின்பு மீள்கிறது; இதிலோ அலுமினியத் தகட்டின்மேல் பூசிய கரியின் நுண்துளைகளில் அயனிகள் வந்து படிவதும் விலகுவதும் அன்றி, ரசாயன மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை; ஆகையால் லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் அது பெரிதும் தளர்வதில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-இல் ஆராய்ந்த, திடப்பரப்பின் மின்னூட்டமும் அதை ஒட்டிப் படியும் அயனிகளும் எதிரெதிரே நிற்கும் இரட்டை அடுக்கே இதன் மூலதத்துவம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1957-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. ஒரே கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு மடிந்து கிடப்பது எத்தனை வியப்புக்குரியது! அக்கரியைப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்கிறார்கள் என்பதும், தகட்டுக்கு வேண்டிய அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட் இந்தச் சேர்வராயன் மலையிலேயே வெட்டப்பட்டு மேட்டூர் மால்கோ ஆலைக்குச் சென்றது என்பதும் நமக்கு இக்கருவியை மேலும் நெருக்கமாக்குகின்றன.

500 ஃபாரட், 2.7 வோல்ட் கொண்ட ஆறு கலங்களைத் தொடராக இணைத்து 15 வோல்ட்வரை ஏற்றினால், 10 வாட் மோடம் ஒன்று ஏறத்தாழ 10 நிமிஷம் தடையின்றி இயங்கும். ஜெனரேட்டரைக் கிளப்ப அவ்வளவே போதும். ஆனால் தொட்டியில் நீர்மட்டம் இறங்குவதுபோல, சக்தி செலவாகச் செலவாக இதன் வோல்ட்டேஜும் இறங்கிக்கொண்டே வருவதால், வெளியீட்டை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் மாற்றி ஒன்று அவசியம். ஒவ்வொரு கலமும் தன் எல்லையை மீறாமல் காக்கும் சமன்செய் சுற்றும், வெறுமையான நிலையில் பாயும் முதல் மின்னோட்டத்தை அடக்கும் தடையும் அதேபோல் இன்றியமையாதவை. இவற்றைச் சிக்கனம் கருதி விட்டுவிடுவோர் நல்ல பொருளை வீணாக்குகிறார்கள்.

இரவெல்லாம் மின்சாரம் வராத ஊருக்கு இது பாட்டரிக்கு மாற்றாகாது. எடைக்கு எடை ஒப்பிட்டால் ஈய பாட்டரியில் அடங்கும் சக்தியில் இதற்குள் அடங்குவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அத்தகைய இடங்களில் இரண்டையும் இணைத்து, நொடிப்பொழுதுத் தடைகளை மின்தேக்கியிடமும் நீண்ட இரவைப் பாட்டரியிடமும் ஒப்படைப்பதே பாட்டரியின் ஆயுளையும் நீட்டிக்கும் வழி. கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியோடு 2024-இல் கண்ணூரில் இத்தகைய மின்தேக்கிகளைத் தயாரிக்கும் ஆலையைத் திறந்திருப்பதால், இக்கலங்களை இனி அயல்நாடுகளிலிருந்தே தருவிக்கவேண்டும் என்பதில்லை.