மூழ்கிய கப்பல் யாருக்குச் சொந்தம்? நயினாதீவுக் கல் சொல்லும் பதில்

1845இல் வடதுருவக் கடல்வழியைத் தேடி பிரிட்டனிலிருந்து புறப்பட்ட எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்கள் பனியில் சிக்கின. அவற்றோடு போன 129 பேரில் எவரும் வீடு திரும்பவில்லை. ஒரு கப்பல் 2014இலும் மற்றையது 2016இலும் கனடாவின் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. அவை யாருடையவை? அனுப்பிய பிரிட்டனுடையவையா, கிடக்கும் கடலுக்குரிய கனடாவுடையவையா, அவற்றைப் பற்றிய செய்தியைத் தலைமுறைகளாக வாய்மொழியாகக் காத்துவந்த இனுவிட் மக்களுடையவையா? கடைசியில் பிரிட்டன் அவற்றைக் கனடாவிடம் கையளித்தது. இனுவிட் மக்களும் பங்காளிகளானார்கள்.

இதே கேள்விக்கு எங்கள் தீவகத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பதில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை 1963இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

அதன் சாரம் இதுதான். பிறநாட்டவர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இப்படியோர் ஆணை ஏன் தேவைப்பட்டது? தீவுகளைச் சுற்றிய கடல் ஆழம் குறைந்தது. மணல்திட்டும் பாரும் நிறைந்தது. வாடைக்காற்றில் பாய்க்கப்பல் வழி தவறினால் தரைதட்டி உடைவதற்கு அதிக நேரம் எடுக்காது. கரை ஒதுங்கிய சரக்கை அந்த நாட்டு அரசனே முழுதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 1244இல்தான்.

பராக்கிரமபாகுவின் கணக்கில் கருணையைவிட வணிகமே அதிகம். போருக்கு யானையும் குதிரையும் வேண்டும். ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனிடம் குறைவாக எடுத்தான். ஆனாலும் மூன்று விடயங்களை நான் கவனிக்கிறேன். இழப்பு நேரும் முன்பே பங்கு தீர்மானிக்கப்பட்டது. கப்பல் உடைந்தாலும் உடையவனின் உரிமை உடையவில்லை. சிங்கள மன்னனின் ஆணை, துறைமுகத்தில் புழங்கிய தமிழில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெட்டப்பட்டது.

1990இல் தீவகத்தை விட்டு ஓடியவர்கள் வள்ளங்களையும் வலைகளையும் வீடுகளையும் விட்டுச் சென்றார்கள். பலர் திரும்பியபோது இருந்தவை சுவர்கள் மட்டுமே. சிலருக்கு அவையும் இல்லை. இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2018இல்தான் நிறைவேறியது. அழிந்துபோன வள்ளத்துக்குப் பத்திரம் கேட்கப்படும்போது, அதைக் காட்ட வேண்டியவர் இழந்தவரே.

குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவு செல்பவர்கள் அம்மனைக் கும்பிட்ட பிறகு அந்தக் கல்லையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இழந்தவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று தொகை குறித்துத் தமிழில் எழுதிவைத்த ஓர் அரச ஆணை எங்கள் தீவிலேயே நிற்கிறது.