மூச்சின் சுவர்

விலாவை ஒட்டி ஒரு கட்டி தோன்றியதும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "இதனை உடனே வெட்டி எடுத்தாலென்ன?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும் வைத்தியர் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

மார்புச் சுவர் வெறும் மதில் அன்று. கொல்லனின் துருத்தியைப் போன்றது. விலா என்புகள் விரிய, உள்ளே அமுக்கம் குறைந்து நுரையீரலுட் காற்றுப் புகுகிறது. சுவரைத் திறந்தாலோ வெளிக்காற்று நெஞ்சறையிற் புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். இவ்வச்சத்தினாலேயே சத்திரவைத்தியர் நெடுங்காலம் நெஞ்சறையின் வாயிலில் தயங்கி நின்றனர். 1904 ஆம் ஆண்டிற் பிரெஸ்லோ நகரிலே சவுர்புருக் என்னும் இளம் ஜேர்மானிய வைத்தியர் விசித்திரமானதோர் அறையைச் சமைத்தார். நோயாளியின் தலை வெளியே. உடலும் சத்திரவைத்தியரும் உள்ளே. உள்ளே காற்றமுக்கம் குறைவு. பின்னாளில் மூச்சுக்குழலிற் குழாய் செலுத்திக் காற்றூட்டும் முறை வரவே, அவ்வறைக்கு வேலை இல்லாது போயிற்று.

எல்லாக் கட்டியும் புற்று அன்று. புற்றாயினும் வேறிடத்திலிருந்து வந்து படிந்ததாயிருக்கலாம். ஆகவே ஊசியாற் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பர். ஊசி சென்ற வழியிலும் தீய கலங்கள் தங்கக்கூடுமாதலின், சத்திரசிகிச்சை செய்யப்போகும் வைத்தியரைக் கலந்தே அதனைச் செய்வித்தல் நன்று. குருத்தென்பிலிருந்து எழும் புற்று மருந்துக்கும் கதிருக்கும் எளிதில் இணங்காது. அதற்குக் கத்தியே கதி. சிறுவரையும் இளைஞரையும் பெரிதும் பற்றும் யூவிங் புற்றுக்கோ, மருந்து முன்னே, கத்தி பின்னே. அந்த மாதங்களைத் தாமதம் என்று பெற்றோர் கலங்குவதுண்டு. அது தாமதம் அன்று, சிகிச்சையே அது.

அகற்றும்போது கட்டியைச் சுற்றியுள்ள நல்ல இழையத்திலும் சில சென்ரிமீற்றர் போகும். எஞ்சும் துளை சிறிதாயின் தசையே மூடிவிடும். பெரிதாயின், மூச்சை இழுக்கும்போது மார்பு அவ்விடத்தில் விரியாது உட்குழியும். எனவே செயற்கை வலையோ உலோகத் தகடோ வைத்து, முதுகுத் தசையொன்றைத் திருப்பி மேலே போர்த்துவர். 2015 ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமங்கா நகரில், ஒருவருக்கு மார்பென்பையும் விலாக்களின் பகுதியையும் தைற்றேனியத்தில் அச்சிட்டே பொருத்தினர்.

பிறகு வருவது இருமல். தையல் பிரிந்துவிடும் என்றஞ்சி நோயாளி இருமலை அடக்குவார். வீட்டாரும் "வேண்டாம்" என்பர். சளி தேங்கினால் நுரையீரல் நோயுறும். ஆதலால் தாதியர், தலையணையொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமச் சொல்வர்.