வாட்டைக் கூட்டாமலே தூரம் கூடும், தெரியுமா?

ட்ரோனின் டிரான்ஸ்மிட்டர் சக்தியை நான்கு மடங்காக்கினால் தூரம் எத்தனை மடங்காகும்? நான்கு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். இரண்டே மடங்குதான்! ரேடியோ அலை போகப் போக நாலா பக்கமும் விரிகிறது. தூரம் இரட்டித்தால் வந்து சேரும் சக்தி கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. கண்ணில் காகிள்ஸ் மாட்டி, ட்ரோன் மூக்கில் இருக்கும் கேமரா வழியே பார்த்து ஓட்டுகிறார்களே, அந்த எஃப்.பி.வி. ட்ரோனில் 25 மில்லிவாட் வீடியோ டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு 800 மில்லிவாட் போட்டால் சக்தி 32 மடங்கு. கிடைக்கும் தூரமோ ஐந்தரை மடங்கு சொச்சம். அதுவும் மரமோ சுவரோ குறுக்கே வராத வெட்டவெளியில்!

அந்த 800 மில்லிவாட்டும் சும்மா வருவதில்லை. காற்றில் பரவுவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அதற்காக அந்தச் சின்னப் பலகை பேட்டரியிலிருந்து உறிஞ்சுவது பல வாட். மிச்சமெல்லாம் சூடு. பறக்கும்போது புரொபெல்லர் காற்று அதைத் தணித்துவிடும். மேஜைமேல் வைத்து செட்டிங் மாற்றிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் அதன்மேல் விரல் வைக்க முடியாது. ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து ஆம்ப்ளிஃபையர் சிப்பையே சுட்டுவிடலாம். பேட்டரியைச் செருகுமுன் ஆன்டெனா கெட்டியாக இருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் தூரம் எங்கிருந்து வரும்? ஆன்டெனாவிலிருந்து! பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரீஸ் 1946-இல் வெளியிட்ட ஒற்றை வரிச் சூத்திரத்தில் அனுப்பும் சக்தி ஒருமுறைதான் வருகிறது. ஆன்டெனாவோ இருமுறை வருகிறது, அனுப்பும் முனையில் ஒன்று, வாங்கும் முனையில் ஒன்று. காகிள்ஸில் நாலாபுறமும் பார்க்கும் 2 டெசிபல் ஆன்டெனாவை எடுத்துவிட்டு, ஒரே பக்கம் பார்க்கும் 8 டெசிபல் பேட்ச் ஆன்டெனாவை மாட்டினால் 6 டெசிபல் லாபம். அது சக்தியை நான்கு மடங்காக்கியதற்குச் சமம், தூரம் இரட்டிப்பு. ட்ரோனில் ஒரு கிராம் எடை கூடவில்லை, ஒரு டிகிரி சூடு ஏறவில்லை! ஒரே நிபந்தனை, ட்ரோன் இருக்கும் திசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அதனால்தான் பல ரிசீவர்களில் இரண்டு வகை ஆன்டெனாவையும் மாட்டி, நொடிக்கு நொடி எதில் படம் தெளிவோ அதற்குத் தாவும் ஏற்பாடு இருக்கிறது.

சாதாரண ஆன்டெனா அலையை வீசும் வடிவம் உளுந்து வடை மாதிரி, தெரியுமா? நடுவில் ஓட்டை! நேராக நிற்கும் ஆன்டெனாவின் உச்சிக்கு மேலே அந்த ஓட்டை இருக்கிறது. உங்கள் தலைக்கு நேர் மேலே, நூறு அடி உயரத்தில், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கும் ட்ரோன் படம் கலங்கித் திணறுவதும், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனதும் தெளிவதும் இதனால்தான். ரிமோட்டின் ஆன்டெனா நுனியை ட்ரோனை நோக்கிக் குறிபார்த்து நீட்டுகிறார்களே, அது அந்த ஓட்டைக்குள் ட்ரோனைத் தள்ளுவதுதான். ஆன்டெனாவின் பக்கவாட்டு ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரிலிருந்து மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கறுப்பு ஒயர் முழுவதும் ஆன்டெனா என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை! நுனியில் உறை உரிந்து, வெளுத்துத் தெரியும் கடைசி 31 மில்லிமீட்டர் மட்டுமே ஆன்டெனா. மீதியெல்லாம் வெறும் கேபிள். 31 ஏன்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு. புரொபெல்லர் அந்த நுனியைக் கொத்தி ஒரு சென்டிமீட்டர் போய்விட்டாலும் ட்ரோன் வீட்டு வாசலில் ஒழுங்காகத்தான் பறக்கும். தூரம் போகும்போதுதான் வினை தெரியும். அதே நுனியை ட்ரோனின் கார்பன் ஃபைபர் சட்டத்தோடு ஒட்டி டேப் சுற்றி வைப்பதும் தவறு. கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும் பொருள். அலைக்கு அது ஒரு சுவர்.

வளைந்து சுழலும் அலைகள் பற்றித் தெரியுமா? ட்ரோன் கரணமடிக்கும்போது நேர்க்கோட்டு ஆன்டெனா குறுக்கே படுத்துவிடும். நிற்கும் ஆன்டெனாவும் படுத்த ஆன்டெனாவும் ஒன்றையொன்று ஏறக்குறைய கேட்பதே இல்லை. எனவே வீடியோவுக்கு வலச்சுழியாகவோ இடச்சுழியாகவோ திருகிக்கொண்டே போகும் அலையைப் பயன்படுத்துகிறார்கள். இதில் ஓர் அற்புதம்: வலச்சுழி அலை சுவரில் பட்டுத் திரும்பினால் இடச்சுழியாக மாறிவிடும்! வலச்சுழிக்கென்று செய்த ஆன்டெனா அதைப் பெரும்பாலும் ஏற்காது. கட்டடங்களுக்கு நடுவே எதிரொலித்து வந்து படத்தைக் கெடுக்கும் போலி அலைகள் அப்படியே வடிகட்டப்படுகின்றன. ஆனால் ட்ரோனில் வலச்சுழி, காகிள்ஸில் இடச்சுழி என்று மாற்றி வாங்கிவிட்டால் வரும் சக்தியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எத்தனை வாட் ஏற்றியும் பயனில்லை.

அடுத்தது எனக்கு நினைக்கும்போதெல்லாம் புல்லரிக்கும் சங்கதி. ரிமோட் ஸ்டிக்கின் அசைவை ட்ரோனுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற திறந்த மூல இணைப்பில் லோரா என்ற நுட்பம் இருக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் சைக்லியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2012-இல் செம்டெக் அதை வாங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 50 முறை தகவல் அனுப்பும் வேகத்தில் அந்த ரிசீவர் கேட்டுப் புரிந்துகொள்ளும் சிக்னல் எவ்வளவு சன்னமானது தெரியுமா? மைனஸ் 115 டிபிஎம். ஒரு வாட்டைப் பத்துக் கோடி கோடித் துண்டுகளாக்கி, அதில் மூன்று துண்டு! சுற்றியுள்ள இரைச்சலுக்கும் கீழே புதைந்த சிக்னலை அது தோண்டி எடுக்கிறது. அதே கருவியை நொடிக்கு 500 முறை அனுப்பச் சொன்னால் பத்து மடங்கு பலமான சிக்னல் தேவைப்படும். ஆகவே 500-ஐ 50 ஆக்கினாலே, ஒரு மில்லிவாட் கூட்டாமல், தூரம் மூன்று மடங்கு! போட்டிக்கு வேகம் வேண்டும், மலைக்கு நிதானம் போதும். வாயேஜர் 1 விண்கலம் பிழைத்திருப்பதும் இதே வழியில்தான். 1977-இல் கிளம்பி, 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இருபது வாட் சொச்சத்தில் நொடிக்கு 160 பிட் வேகத்தில் மெல்லப் பேசுகிறது. பூமியில் 70 மீட்டர் அகலத் தட்டுகள் காதைத் தீட்டிக் கேட்கின்றன.

கட்டுப்பாட்டு இணைப்பு கணத்துக்குக் கணம் அலைவரிசை மாறித் தாவிக்கொண்டே இருக்கும். அந்த உத்திக்கு 1942-இல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், தெரியுமா? இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலோடு சேர்ந்து, டார்பிடோவின் ரேடியோ கட்டுப்பாட்டை எதிரி குழப்பாமல் இருக்க, பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவும் திட்டம் போட்டார். நெரிசலான ஊரில் உங்கள் ட்ரோன் வைஃபைகளுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பது அந்தக் கருத்தின் வழியில்தான்.

பந்தய ட்ரோன்கள் வேண்டுமென்றே 25 மில்லிவாட்டில் பறக்கின்றன. எட்டுப் பேர் ஒரே மைதானத்தில் பறக்க ரேஸ்பேண்ட் என்ற எட்டு வரிசைகள்: 5658-இல் தொடங்கி 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 5917 வரை. 5695-லும் 5732-லும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் பலமாக ஒலிபரப்பினால், யாருமே அனுப்பாத பேய் சிக்னல்கள் 5658-லும் 5769-லும் முளைக்கும். இரண்டுமே வேறு இருவரின் வரிசைகள்! ஒருவர் சக்தியைக் கூட்டினால் மூன்றாமவர் கண்கட்டி நடக்க வேண்டியதுதான்.

வேறு நாட்டு செட்டிங்கை இங்கே போடலாமா? கூடாது. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்த பட்டை. இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் பட்டை. அங்கே வாங்கிய மாட்யூலை அப்படியே இங்கே ஓட்டினால் அக்கம்பக்கத்தார் போனில் கை வைக்கிறோம் என்று பொருள். இந்தியாவில் குறைந்த அலைவரிசைக்கு உரிமம் தேவைப்படாத இடம் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. மாட்யூல் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரேடியோவே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. உக்ரைன் போரில் 2024 முதல் இரு தரப்பும் கண்ணாடி நூல் சுருளைச் சுமந்து, அவிழ்த்துவிட்டுக்கொண்டே பறக்கும் எஃப்.பி.வி. ட்ரோன்களை இறக்கினார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் நீளும் அந்த நூல் வழியே படம் வருவதால் எந்த ஜாமராலும் அதைத் தொட முடிவதில்லை.

சிக்னலுக்குப் பார்வைக்கோடு மட்டும் போதாது என்பது தெரியுமா? அந்தக் கோட்டைச் சுற்றி நடுவில் பருத்த ஒரு வெளி அதற்கு வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவில் அதன் ஆரம் சுமார் 3.6 மீட்டர். வயல் வரப்பை உரசியபடி இரண்டு மீட்டர் உயரத்தில் ட்ரோனை விட்டால், கண்ணுக்கு எதுவும் மறைக்காவிட்டாலும் தரை அந்த வெளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆன்டெனா ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் ரேடியோ அடிவானம் நாலு கிலோமீட்டர் சொச்சம். அதையே கம்பில் கட்டி நாலு மீட்டருக்கு ஏற்றினால் எட்டு. ட்ரோன் நூறு மீட்டர் ஏறினால் அதன் பங்காக 41 கிலோமீட்டர் சேர்கிறது. சட்டம் கண்ணுக்கெட்டிய தூரம்வரைதான் பறக்கச் சொல்கிறது. அந்த எல்லைக்குள்ளும் மேட்டில் ஏறி நின்று ஓட்டுகிறவரின் படம்தான் பள்ளத்தில் நிற்பவரின் படத்தைவிடத் தெளிவாக வருகிறது.