வன்பொருள் பிரிவினை: நடுத்தர வழங்கிகளில்

வன்பொருள் பிரிவினை என்பது, ஒரு பெரிய வழங்கிக் கணினியில் உள்ள பலகைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் தனக்கென ஓர் இயங்குதளம் கொண்ட தனிக் கணினியாக இயக்கும் முறையாகும். இவ்வாறு பிரிந்த பங்கைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 'டொமைன்' என்றும், எச்பி நிறுவனம் 'என்-பார்ட்டிஷன்' என்றும் அழைத்தன. பாகப்பிரிவினை நடந்த வீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கூரை ஒன்று, அடுப்பு இரண்டு. ஒரு பக்கம் உலை கொதிக்காவிட்டால் மறுபக்கம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிணறு மட்டும் பொதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

தேவை

ஒரு தொலைபேசி நிறுவனம் கட்டணப் பட்டியல் போடும் மென்பொருளை இயக்குகிறது. அதன் அடுத்த பதிப்பையும் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். இரண்டையும் ஒரே இயங்குதளத்தில் வைத்தால், சோதனையில் நேரும் கோளாறு பட்டியல் வேலையையும் முடக்கிவிடலாம். இரண்டு கணினிகள் வாங்கினாலோ, மாதக் கடைசியில் ஒன்று திணறும். மற்றது சும்மா இருக்கும். ஒரே கணினிக்குள் சுவர் எழுப்பி, அந்தச் சுவரைத் தேவைப்படும்போது நகர்த்தவும் முடிந்தால் இரு சிக்கலும் தீரும்.

சன் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எண்டர்பிரைஸ் 10000 இதைச் செய்தது. 16 பலகைகளும் 64 செயலிகளும் வரை கொள்ளும் பெரிய இயந்திரம் அது. அதன் வேர் கிரே ரிசர்ச் நிறுவனத்தில் இருந்தது. 1996-இல் கிரேயை வாங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ், இந்தப் பிரிவைத் தன் போட்டியாளரான சன்னுக்கே விற்றுவிட்டது. வணிக வரலாற்றில் இதைவிட விநோதமான விற்பனைகள் குறைவு.

சுவர் எங்கே இருக்கிறது?

இந்த வசதி 2001-இல் சன் ஃபயர் 3800, 4800, 4810, 6800 ஆகிய நடுத்தர வழங்கிகளுக்கு வந்தது. 6800-இல் ஆறு செயலிப் பலகைகள் பொருத்தலாம். ஒவ்வொரு பலகையிலும் நான்கு செயலிகளும் அவற்றுக்கான நினைவகமும் இருக்கும். ஆக மொத்தம் 24 செயலிகள். வட்டு, வலையமைப்பு இணைப்புகளுக்கு நான்கு உள்ளீட்டு வெளியீட்டுப் பெட்டிகள் உண்டு. ஒரு டொமைனுக்குக் குறைந்தது ஒரு செயலிப் பலகையும் ஒரு பெட்டியும் வேண்டும். அதிகபட்சம் நான்கு டொமைன்கள்.

பலகைகள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு பலகை அனுப்பும் கோரிக்கையை 'ரிப்பீட்டர்' என்னும் இடைநிலைப் பலகைகள் மற்றவற்றுக்குக் கொண்டுசெல்கின்றன. எந்தப் பலகை எந்த டொமைனைச் சேர்ந்தது என்ற அமைப்பும் வன்பொருளிலேயே பதிந்திருக்கும். வேறு டொமைனின் கோரிக்கை அங்கே தடுக்கப்பட்டுவிடும். ஆகவே ஓர் இயங்குதளம் கட்டுப்பாடிழந்து தாறுமாறாக இயங்கினாலும், பக்கத்து டொமைனின் நினைவகத்தைத் தொட அதற்கு வழியே இல்லை. மென்பொருளால் பிரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பள்ளிக்கூடக் கூடத்தில் தட்டி வைத்து வகுப்புகளைப் பிரித்தால், ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு நான்காம் வகுப்பிலும் கேட்கும். செங்கல் சுவர் வேறு.

இப்போது பொதுக் கிணற்றுக்கு வருவோம். 6800-இல் நான்கு ரிப்பீட்டர் பலகைகள் உண்டு. நான்கையும் ஒரே தொகுதியாக வைத்து அதில் இரண்டு டொமைன்கள் அமைத்தால், ஒரு ரிப்பீட்டர் பழுதானாலும் இரண்டு டொமைன்களும் விழும். அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு டொமைன் வைத்தால் அந்த ஆபத்து இல்லை. இரண்டு அமைப்பிலும் டொமைன் எண்ணிக்கை இரண்டுதான், பாதுகாப்பு ஒன்றல்ல. விற்பனைத் தாளில் டொமைன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியாது. எவையெவை பொதுவாக உள்ளன என்று கேட்பதே சரியான கேள்வி.

பலகையை இடம் மாற்றுதல்

கணினியை நிறுத்தாமலே ஒரு பலகையை ஒரு டொமைனிலிருந்து எடுத்து மற்றொன்றுக்குத் தரலாம். முதலில் அந்தப் பலகையின் நினைவகத்தில் உள்ளவை மற்றப் பலகைகளுக்கு நகர்த்தப்படும். பிறகு அதன் செயலிகள் விடுவிக்கப்படும். இயங்குதளத்தின் கருநிரல் தங்கியிருக்கும் பலகையை எடுப்பதுதான் கடினம். அந்தப் பகுதியை நகர்த்தும்போது இயங்குதளம் முழுவதையும் சிறிது நேரம் உறைய வைக்க வேண்டும்.

உரிமக் கட்டணத்திலும் இந்தச் சுவருக்கு மதிப்பு இருந்தது. செயலி எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கும் ஆரக்கிள் நிறுவனம், இத்தகைய டொமைன்களைக் கடினப் பிரிவினையாக ஏற்று, டொமைனுக்குள் உள்ள செயலிகளை மட்டும் கணக்கிட்டது. விஎம்வேர் போன்ற மென்பொருள் பிரிவினைக்கு அந்தச் சலுகை இல்லை.

குறை, பங்கின் அளவில் இருந்தது. ஒரு செயலி போதும் என்றாலும் நான்கு செயலிப் பலகையையே தர வேண்டும். ஐபிஎம் வேறு வழியில் சென்றது. அதன் பவர்5 வழங்கிகள், 2004 முதல், கணினியின் அடித்தள மென்பொருளைக் கொண்டு ஒரு செயலியின் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துத் தந்தன. ஒரே சில்லில் பல கருக்கள் வந்தபின் பலகை அளவுப் பங்கு இன்னும் பெரிதாகத் தோன்றியது. ஆனாலும் முறை மறைந்துவிடவில்லை. 2010-இல் சன்னை வாங்கிய ஆரக்கிள், 2013-இல் வெளியிட்ட ஸ்பார்க் எம்5-32 வழங்கியில் வன்பொருள் டொமைன்களை வைத்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் மென்பொருளால் மேலும் பிரித்துக்கொள்ள இடமும் தந்தது.